உலகம்மைக்கு நான்கு எல்லை

ஜனவரி 11

பின்லாந்து தேசம், தம்பெரே நகரம் வந்து இன்றோடு ஒரு வாரம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. விமான நிலையத்தில் என்னை வேட்டியோடு பார்த்த அதிகாரி எழுந்து நின்று சல்யூட் அடித்தான். கோமதி கொண்டுவந்திருந்த கோட்டை அப்புறம் போட்டுக்கொண்டது, அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். என் தங்கைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கோமதி, மாப்பிள்ளை நயினாரோடு பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறாள். பிள்ளை இல்லை. இளையவள் செண்பகம் மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் மகள் உலகம்மைக்கு (எங்களுக்கு உலகு) அப்போது ஐந்து வயது, இப்போது எட்டு. அப்பன் தளவாய் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். குழந்தையைக் கோமதிக்கே கொடுப்பது என்று பேசி முடித்து, பத்திரம் போட்டோம். எழுதினது நான். இத்தனை நாள் தென்காசியில் என் வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது நானே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். அவள் இங்கே கோமதியோடு நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்க வேண்டும். என் விசா தொண்ணூறு நாள். அனுமதி கிடைத்தால் நான் தனியாகத் திரும்புவேன். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் திரும்ப வேண்டும்.

அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் பத்திரத்தைப் பின்னிஷ் மொழியில், முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர் கையால் கேட்கிறார்களாம். நயினார் கொஞ்சம் கவலையாக இருந்தார்.

"மாப்ள, பதினோரு பக்கம். பூரா இங்கிலீஷு. சப்ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசல்ல முப்பத்தி ரெண்டு வருசம் டைப் மிசினு தட்டுன கையி. லண்டன் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்" என்றேன்.

ஜனவரி 15

மொழிபெயர்க்கிற அம்மாவைப் பார்த்தோம். பெயர் ரித்வா. அறுபது வயதிருக்கும். காலணியைக் கழற்றச் சொல்லித்தான் உள்ளே விட்டாள். காப்பி கொடுத்தாள். அப்புறம் நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் பத்திரத்தைப் படித்தாள். நம் ஊரில் அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே மரியாதையாம்.

கையில் பென்சில். ஒவ்வொரு வரியிலும் ஒரு புள்ளி. கடைசிப் பக்கத்தில் 'எழுதியவர்: ப. பூலோகபாண்டியன், பி.ஏ., பி.எல்.' என்று இருந்த இடத்தில் பென்சில் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்துத் தலையசைத்தாள்.

கோமதி சொன்னாள்: "நீங்க வக்கீலான்னு கேக்காவ மாமா."

"ஆமான்னு சொல்லுளா."

அதில் தப்பில்லை. ஒரு பெரிய வக்கீலின் ஆபீஸ் வாசற்படியில் ஆறு வருடம் மேஜை போட்டிருந்தவனுக்கு அந்த எழுத்துகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். வக்கீலே என்னிடம்தான் வாசகம் கேட்பார்.

ஜனவரி 17

பனியில் வழுக்கி விழவில்லை. உட்கார்ந்தேன்.

ஜனவரி 22

ரித்வா முப்பத்தொரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தாள். நேரில் போனோம். நான் பேசுவது கோர்ட் ஆங்கிலம், அது அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் கோமதி நடுவில் உட்கார்ந்தாள்.

முதல் கேள்வி: 'இதனால் சகலரும் அறிவதாவது' என்று தொடங்குகிறதே, சகலரும் என்றால் யார் யார்? பின்லாந்துக்காரர்களும் உண்டா? உண்டு என்றேன்.

மூன்றாவது: 'கொடுத்து, விட்டு, ஒப்படைத்து, பாத்தியம் மாற்றி' என்று நான்கு சொல் இருக்கிறது. நான்கும் நான்கு காரியமா? பின்னிஷ் சட்டத்தில் இதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது. அதை நான்கு தடவை எழுதவா?

"ஒவ்வொண்ணும் ஒரு பூட்டு. நாலு பூட்டு போட்டாத்தான் கதவு அசையாதுன்னு சொல்லு" என்றேன். ரித்வா ரொம்ப நேரம் யோசித்து, ஏதோ குறித்துக்கொண்டாள். என் விளக்கத்தில் அசந்துபோயிருப்பாள்.

அப்புறம் ஒன்பதாவது வந்தது, பத்திரத்தின் ஒன்பதாவது பத்தியைப் பற்றி. கோமதி தாளைத் தமிழில் வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னளா?"

"'மேற்படி குழந்தையை இன்று முதல் தாங்களும் தங்கள் வாரிசுகளும் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து, விற்கவும், ஒத்தி வைக்கவும், தானம் செய்யவும்…'" அவள் குரல் இறங்கிவிட்டது. "மாமா, என்ன இது?"

"அது வாசகம். எல்லாப் பத்திரத்துலயும் வரும்."

"பிள்ளைய விக்கவும் ஒத்தி வைக்கவுமா?"

பதினான்காவது: 'மேற்படி குழந்தை பேரில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டுத் தோன்றினால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பேன்' என்பதற்குப் பொருள் என்ன. இருபத்தாறாவது: சொத்து விவரம் என்ற தலைப்பில் குழந்தைக்கு நான்கு எல்லை ஏன் சொல்லப்பட்டிருக்கிறது.

வடக்கே தெரு, தெற்கே பொன்னையா வீட்டுச் சுவர், கிழக்கே குடிதண்ணீர்க் குழாய், மேற்கே தறிக்கூடம். இதற்குட்பட்ட வீட்டில் வசிக்கும் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. விவரம் இல்லாத பத்திரம் செல்லாது. எந்தப் பத்திர எழுத்தரைக் கேட்டாலும் சொல்வான்.

வரும் வழி முழுக்கப் பேருந்தில் கோமதி என் பக்கம் திரும்பவில்லை. குளிராக இருந்திருக்கும்.

ஜனவரி 23

நயினார் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பத்திரத்தை உட்கார்ந்து படித்தார். படித்த மனுஷன் மூன்று வருடமாக இதைக் கோப்பில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாரே தவிர ஒரு வரி பார்க்கவில்லை. நான் எழுதினால் அவ்வளவு நம்பிக்கை.

"மாமா, இது வீட்டு கிரயப் பத்திரம். வீடுங்கிற எடத்துல பிள்ளைன்னு போட்டு வச்சிருக்கிய."

"வேற எப்பிடிப் போடுவாவ? கிரயத்துக்கு மேல கெட்டியான பத்திரம் ஒலகத்துல கெடயாது மாப்ள. தளவாய் போன தீவாளிக்கு ஒரு கவுனத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னான். 'பத்திரம் பேசுதுடே'ன்னேன். ஒரு வார்த்த பேசாமத் திரும்பிட்டாம்லா. அதுதான் எழுத்து."

நயினார் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். உலகு தரையில் உட்கார்ந்து கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவுன் நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 29

ரித்வா போனில் கூப்பிட்டுப் பேசினாள். எது இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியுமாம். ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது, சேர்க்கக் கூடாது. விட்டால் அவள் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். பின்னிஷில் அலங்காரமெல்லாம் நிற்காது, படிக்கிறவருக்கு ஒரு மனிதன் தன் மகளை விற்றான் என்றுதான் தெரியும் என்றாள்.

கோமதி கேட்டாள்: "இது வெறும் பழக்க வாசகம்னு ஒரு குறிப்பு போட முடியாதா?"

போடலாமாம். எழுதினவர் அப்படிச் சொன்னால் போடலாமாம். ஆனால் எழுதினவர் வக்கீல். வக்கீல் ஒரு சொல்லைத் தெரியாமல் எழுதினார் என்றால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

கோமதி போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் உருளைக்கிழங்குக்கு ருசி போதாது.

பிப்ரவரி 2

உலகு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பத்து நாளாகிறது. அதற்குள் நூறு வரைக்கும் பின்னிஷில் எண்ணுகிறாள். நான் கற்றுக் கொடுத்தது என்று எழுத முடியாது. இன்று அவளைக் கூட்டி வரப் போனேன்.

"தாத்தா, நீங்க ஊருக்குப் போறப்போ நானும் வரணுமா?"

"எவஞ் சொன்னான்?"

"பெரியம்மா அழுதா."

"அது வெங்காயம்."

"நம்ம வீட்லதான் இந்த வாரம் வெங்காயமே இல்லயே" என்றாள்.

பிப்ரவரி 3

மூளையை உபயோகித்துப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன். அனுபவமுள்ள எழுத்தர் எவனும் பழைய தேதி போட்ட வெற்று ஸ்டாம்பு பேப்பர் இரண்டு மூன்று கையில் வைத்திருப்பான். என் பெட்டியின் அடியிலும் இருக்கிறது. அதே வருடம், அதே மாதம். புதிதாக ஒரு பக்கப் பத்திரம் எழுதி, தளவாய் கையெழுத்தை நானே போட்டுவிட்டால் ஆயிற்று. அவன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி, யாரும் போடலாம்.

சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து வைத்தேன். கோமதி அதைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

"ஏ மாமா! இத எடுத்துக்கிட்டா ஏரோப்பிளேன்ல வந்திய?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்ளா."

"இதக் கண்டுபிடிச்சாவன்னா பிள்ளைய மட்டுமில்ல, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஏத்தி விட்ருவாவ. பன்னெண்டு வருசம் மாமா!" தாள்களைக் கிழித்தாள். அது கெட்டிக் காகிதம், சுலபத்தில் கிழியாது. நயினார் வந்து உதவினார். இரண்டு பேரும் சின்னச் சின்னதாகக் கிழித்தார்கள்.

இன்று மேலே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

ரித்வாவின் மொழிபெயர்ப்பு வந்தது. என் பதினோரு பக்கம் அவள் கையில் ஆறு பக்கமாகிவிட்டது. நாடாவால் கட்டி, முத்திரை போட்டிருந்தாள். என் பத்திரம் இத்தனை சுத்தமாக இதற்கு முன் இருந்ததில்லை. அதை அப்படியே சமர்ப்பித்தோம். வேறு வழி?

பிப்ரவரி 15

அலுவலகத்திலிருந்து கடிதம். பத்திரம் எழுதின வக்கீலை நேரில் விசாரிக்க வேண்டுமாம். இருபத்தாறாம் தேதி, காலை பத்து மணி.

கோமதிக்குத் தைரியம் சொன்னேன். கூண்டில் நிற்பது எனக்குப் புதிதில்லை என்றேன். கூண்டில் நின்றதில்லை. வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 25

நயினார் சட்டை தேய்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது கேட்டார்:

"மாமா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க வக்கீலுக்குப் படிச்சியளா?"

"என்ன மாப்ள கேள்வி இது" என்றேன். அவர் பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். அப்புறம் போய்விட்டார்.

பிப்ரவரி 26

எழுதிவிடுகிறேன்.

சின்ன அறை. ஒரு மேஜை, நாற்பது வயதில் ஒரு பெண் அதிகாரி, நடுவில் ஒரு தொலைபேசி. தமிழில் பெயர்த்துச் சொல்கிறவர் எங்கோ வேறு ஊரிலிருந்து அந்தத் தொலைபேசியில் வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா. குரல் மட்டும்தான். கோமதியை உள்ளே விடவில்லை.

"ஐயா, இந்தப் பத்திரத்தை நீங்கள்தான் தயாரிச்சனீங்களோ?"

"ஆமா."

"நீங்கள் சட்டத்தரணியோ?"

தலையை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதிகாரியின் கையில் ஆறு பக்கம் இருந்தது. ஒன்பதாவது பத்தியின் மேல் மஞ்சள் கோடு. நான் வக்கீல் என்றால், அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது அத்தனையும் உண்மை. உலகை விற்கலாம், ஒத்தி வைக்கலாம்.

"இல்ல" என்றேன்.

"பெயருக்குப் பின்னால பட்டம் போட்டிருக்கு ஐயா."

"போட்டுக்கிட்டேன்."

"நீங்கள் எதுவரை படிச்சனீங்கள்?"

"எட்டு." அந்தக் குரல் அதைப் பின்னிஷில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். "எட்டுல பெயிலு."

அதிகாரி எழுதினாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஏன் விற்பனைப் பத்திரம் மாதிரி எழுதினனீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்சதுல அதுதாம்மா கெட்டி. வித்தவன் திரும்பி வந்து கேக்க முடியாது. பிள்ளைய நாளைக்கே அவன் திருப்பிக் கேட்டுட்டா, கோமதி என்ன செய்வா? அதான்."

"தகப்பனுக்கு அது வாசிச்சுக் காட்டப்பட்டதோ?"

"வாசிச்சேன்."

"எந்த மொழியில ஐயா?"

"இங்கிலீஷ்ல."

"அவருக்கு ஆங்கிலம் தெரியுமோ?"

அந்த அறையில் கடிகாரம் கிடையாது. இந்தத் தேசத்து மனிதர்களுக்குப் பேசாமல் உட்கார்ந்திருக்க அலுக்கவே அலுக்காது. அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொலைபேசியில் மூச்சு மட்டும் கேட்டது.

"தெரியாது" என்றேன்.

வெளியே வந்ததும் கோமதி ஓடி வந்தாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "கோட்டு பொத்தானப் போடுங்க மாமா, காத்தடிக்கி" என்றாள்.

மார்ச் 4

கடிதம். நான் சொன்னது பதிவு செய்யப்பட்டதாம். பத்திரத்தை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ள முடியாதாம், ஆனால் குற்றமாகவும் பார்க்கவில்லையாம். தகப்பன் தன் மொழியில், தன் வார்த்தையில், நோட்டரி முன்னால் சம்மதம் எழுதித் தர வேண்டும். மார்ச் இருபத்து இரண்டுக்குள். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

தளவாயிடம் யார் பேசுவது என்று கோமதி கேட்கவில்லை. போனை என் முன்னால் வைத்தாள்.

மார்ச் 5

பேசினேன். பின்னால் தறிச் சத்தம். அவன் கூடத்தை விட்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பழைய பேப்பர்ல என்ன மாமா எழுதிருந்திய?" என்றான்.

ஒன்பதாவது பத்தியைத் தமிழில் வாசித்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. சுருக்கி வாசித்திருக்கலாம். கோமதி பக்கத்தில் நின்றாள்.

தளவாய் கேட்டான்:

"அப்போ எம்மவள நான் வித்துட்டனா மாமா?"

"அப்பிடியில்லடே, அது ஒரு வாசகம்…"

"வருசத்துக்கு ஒருக்க பிள்ளையப் பாக்கணும், அத மட்டும் எழுதுங்கன்னு சொன்னேம்லா. எழுதியாச்சு, எழுதியாச்சுன்னியளே. அது எத்தனாவது பக்கம்?"

பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அவன் கேட்டது நினைவிருக்கிறது. தலையாட்டிக்கொண்டே டைப் அடித்தேன். கெட்டியான பத்திரத்தில் அது ஒரு ஓட்டை என்று நினைத்தேன்.

"தீவாளிக்கு வாசல்லயே நிறுத்துனியளே, அது இதுக்குத்தானா?" என்றான். போனை வைத்துவிட்டான்.

மார்ச் 7

தளவாய் எடுக்கவில்லை.

மார்ச் 8

எடுக்கவில்லை. மாடிப்படியில் பனியைச் சுரண்டி அள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

மார்ச் 11

கோமதி கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. நயினார் பயணச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். முப்பத்தோராம் தேதிக்கு இரண்டு சீட்டு. ஒன்றை ரத்து செய்வதா வேண்டாமா என்று யாரும் பேசவில்லை. உலகு பள்ளியிலிருந்து ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டை கொண்டுவந்தாள். இரவலாம், ஏப்ரலில் திருப்பித் தர வேண்டுமாம். கோமதி அதைக் கையில் வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

மார்ச் 13

என் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்பு என்று எழுதி, அதைச் சுற்றி ஆறேழு வரி சேர்த்து, எல்லாவற்றையும் அழித்தேன். "தப்பு எம்மேலதான் தளவாய். பிள்ளைய நெனச்சு முடிவு பண்ணு" என்று மட்டும் போனது.

மார்ச் 16

தளவாய் கூப்பிட்டான். கோமதியிடம்தான் பேசினான்.

"மதினி, நான் எழுதித் தாரேன். ஆனா நானேதான் எழுதுவேன். ஒருத்தரும் சொல்லித் தரப்படாது."

மார்ச் 20

நோட்டரி முத்திரையோடு தளவாயின் தாள் வந்தது. ஒரே பக்கம், அதிலும் பாதி. கோழி கிளறினது என்று எழுதியிருந்தேனே, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதியிருக்கிறான்.

'இதைப் பூலோகபாண்டியன் மாமா எழுதவில்லை. நானே எழுதுகிறேன். உலகம்மை என் மகள். நான் அவளை யாருக்கும் விற்கவில்லை. அவள் அம்மா இறந்த பிறகு என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அவள் பெரியம்மா கோமதியிடம் இருந்து படிக்கட்டும். எனக்குச் சம்மதம். வாரம் ஒரு தடவை அவளோடு போனில் பேச வேண்டும். வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.'

அங்கேயே ஒருவர் ஆங்கிலத்தில் செய்து கொடுத்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு ரித்வாவிடம் போனோம். ஒரு கேள்வியும் கேட்காமல் அப்போதே உட்கார்ந்து எழுதினாள். காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

நான் கோமதியிடம் மெல்லச் சொன்னேன்: "அந்த மொத வரிய மட்டும் விட்டுரச் சொல்லேம்ளா. அதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

கோமதி அதை ரித்வாவிடம் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரித்வா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், என்ன என்று.

"ஒண்ணுமில்ல. முழுசும் வாசிக்கச் சொல்லு, கேப்போம்" என்றேன்.

ரித்வா பின்னிஷில் வாசித்தாள். முதல் வரியிலேயே என் பெயர் வந்தது. அதற்குப் பிறகு வந்ததில் உலகம்மை, கோமதி தவிர ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த அம்மா இத்தனை நாளில் இப்படி நிறுத்தி, மெதுவாக வாசித்து நான் கேட்டதில்லை. முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மார்ச் 21

சமர்ப்பித்தாயிற்று. ஒரு நாள் மிச்சம்.

மார்ச் 28

அனுமதி வந்துவிட்டது. உலகம்மை இங்கே இருக்கலாம். நயினார் ஒரு சீட்டை ரத்து செய்தார். கோமதி கடிதத்தை ஆறு தடவை படித்தாள். இந்தக் கட்டிடத்தில் இருக்கிற எல்லோரும் வந்து என் கையைக் குலுக்கினார்கள் என்று எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் வந்தார், பனி அள்ளினதற்கு நன்றி சொல்ல.

தளவாய்க்கு நான்தான் முதலில் தெரிவித்தேன் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். உலகு தெரிவித்தாள். போனை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். "அப்பா" என்றாள். அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.